நலன் முரண்பாடு

வேலூருக்கு ஊரார் வைத்த வசை உண்டு:
தண்ணீர் இல்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை,
மரம் இல்லாத மலை.
என் பங்குக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்,
கடல் இல்லாத ஊரில் கடல் ஆராய்ச்சி.

கடைசி பஸ். மடியில் ஐஸ்பெட்டி.
"இன்னா மேடம், வஞ்சிரமா?"
சேறு என்றேன்.
"சேத்துக்குப் போயா ஐஸு வெச்சிகினு போறீங்க?"
லக்கேஜ் கிழித்தார் கண்டக்டர், பதினைந்து ரூபாய்.

பாலாறு கடலைத் தொடும் இடம்.
தொடும் என்பது பழக்கதோஷம்,
வருஷத்தில் பத்து நாள் தொட்டால் அதிகம்.
வீரபத்திரன் கழியூன்றிப் படகைப் பிடித்துக்கொள்ள
இடுப்பளவு நீரில் நின்று
குழாயைச் செருகி உருவினேன்.
அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.
"எறா இல்லன்னு இது சொல்லுமா?" என்றார்.
அதை நீங்களே சொல்லிவிட்டீர்களே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

காட்பாடியில், ஏசி ஓயாத அறையில்
வெட்டினேன் அதை வில்லை வில்லையாக.
ஒரு வில்லை ஏறக்குறைய ஒன்றரை வருஷம்.
உலர்த்தி, சலித்து, அமிலத்தில் கரைத்து
ஃபிர்தௌஸின் மெஷினில் ஏற்றினால்
எண்களாகத் துப்பும்.

அடியில் சத்தமில்லை.
முப்பத்தொன்றில் குரோமியம் தலைகாட்டுகிறது.
இருபத்தெட்டில் இரண்டு மடங்கு:
அப்பா ராணிப்பேட்டையில் டிரம்முக்குச் சேர்ந்தது.
இருபத்து மூன்றில் ஐந்து மடங்கு:
கூரையைப் பிரித்து எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டது.
இருபதில் உச்சம்.
இருபதில் எனக்கு சைக்கிள்,
ஆற்காட்டில் கணக்கு டியூஷன்.
ஃபீஸ் கட்டிய நோட்டின் ஓரத்தில்
தோல் ஊறும் நீலம் ஒட்டியிருந்தது.
கிளார்க் முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினார்.

ஏழில் எண் சடாரென்று சரிகிறது.
யாரும் திருந்திவிடவில்லை.
வெள்ளம் வந்த வருஷம் அது,
வெறும் பருமணல்.

மைக்ரோஸ்கோப்பின் கீழே ஃபொராமினிஃபெரா.
கடுகுக்கும் சிறியது, ஒரே ஒரு செல்,
அறை மேல் அறையாய்ச் சுருண்டு ஓடு கட்டும்.
இருபதாவது வில்லையில் முந்நூறு எண்ணினேன்.
நாற்பத்தொன்று
கடைசி அறையைக் கோணலாகக் கட்டியிருந்தன,
மட்டப்பலகையைத் தொலைத்த கொத்தனார்போல.
குரோமியத்தால் என்று எழுத முடியாது.
உப்பு மாறினாலும் கோணும்.
'தொடர்பு காணப்படுகிறது' என்றுதான் எழுதினேன்.
அந்த வாக்கியத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கட்டுரையை அனுப்பும் படிவத்தில் கடைசிக் கேள்வி:
நலன் முரண்பாடு ஏதும் உண்டா?
உண்டு, ஒரு வட்டம்.
இல்லை, ஒரு வட்டம்.
"இல்லன்னு போடுப்பா,
அது கம்பெனியில காசு வாங்கினவங்களுக்கு,"
என்றாள் ஃபிர்தௌஸ், டிஃபன் பாக்ஸைத் திறந்தபடி.

அப்பாவுக்கு போன் போட்டேன்.
"எவ்ளோ கீது?"
எண்ணைச் சொன்னேன்.
"அதுல என் டிரம்மு எத்தினி?"
ஒரு கம்பெனியில் எட்டு டிரம்.
எத்தனையோ கம்பெனி.
பிரித்துச் சொல்ல மெஷின் இல்லை என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"எழுது. இன்னா இப்ப.
நாத்தம் தாங்கல, கை வெடிக்குதுன்னு
நாங்க அப்பவே சொன்னோம்.
எவன் எழுதிகினான்?"

திரும்பி வந்து பார்த்தால்
பக்கம் காலாவதியாகிவிட்டது,
மீண்டும் உள்நுழையவும் என்கிறது கம்ப்யூட்டர்.
பெயர், நிறுவனம், ஊர்,
எல்லாம் முதலிலிருந்து.
நாளைக்குப் பார்க்கலாம்.

இருபதாவது வில்லையில் பாதி மிச்சம்.
மறுசோதனைக்கு யாராவது கேட்டால் கொடுக்க
பிளாஸ்டிக் உறையிலிட்டு ஃப்ரீசரில் வைத்தேன்.
தேதி. ஆழம்.
பொறுப்பாளர்: தே. சாராள்.
தே. என்பது தேவாசீர்வாதம்.